இரவு எட்டு, காலை எட்டு

வளர்ந்த நாயை ரயிலில் கூட்டிப்போக இரண்டு வழிதான் உண்டு. கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வேறு பெட்டியில் உட்கார்ந்து வருவது ஒன்று. முதல் வகுப்பு ஏசியில் ஓர் அறையையே முழுதாக எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு நம்மோடு வைத்துக்கொள்வது இன்னொன்று. இரண்டு படுக்கை உள்ள கூபே வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். கிடைத்ததா என்பது சார்ட் போட்ட பிறகுதான் தெரியும். எதுவானாலும் நாய்க்குத் தனியாகப் பார்சல் ஆபீசில் பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். தடுப்பூசி அட்டையும், பயணம் போகிற அளவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் புதிதாக எழுதிக் கொடுத்த சான்றும் கையில் இருக்க வேண்டும்.

மதுரை ஜங்ஷன் பார்சல் ஆபீசில் இருந்தவர் சான்றை நிதானமாகப் படித்துவிட்டு, மேசைக்கு மேலாக எட்டிக் கீழே பார்த்தார்.

"என்ன ஜாதி சார் இது?"

"நாட்டு நாய்தான்."

"நாட்டு நாய்க்கா ஃபர்ஸ்ட் ஏசி?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "அதுக்கு வலிப்பு இருக்கு சார். மெட்ராஸ்ல காட்டப் போறோம்."

அவர் நம்பவில்லை. செவலையைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. மினுமினுவென்று செம்மண் நிறத்தில், கொஞ்சம் அதிகமாகவே சதை போட்டு, ஆபீஸ் தரையில் யாரோ சிந்திய கடலையைத் தேடிக்கொண்டிருந்தது. வலிப்பு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதனால்தான் போகிறோம் என்று அவரிடம் சொல்லி விளங்கவைக்க அங்கே நேரமில்லை. சோழவந்தானில் என் மாமனாரிடம் சொல்லிப் பார்த்தும் விளங்கவில்லை. "ஒண்ணும் வரலைங்கிறீங்க, பிறகு எதுக்கு மாப்ளே அம்புட்டு தூரம்?" என்பதோடு அவர் நின்றுவிட்டார்.

காரணமே தெரியாமல் நாய்களுக்கு வரும் வலிப்பு பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் நடுவில்தான் தலைகாட்டும். செவலைக்கு இரண்டரை வயதில் வந்தது. கொல்லையில் நின்றுகொண்டிருந்த நாய் பக்கவாட்டில் சாய்ந்து, கழுத்து விறைத்து, தண்ணீரில் நீந்துவதுபோல் நாலு காலையும் அடித்தது. வாயில் நுரை. பக்கத்து வீட்டு அத்தை இரும்புச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நாயின் கையில் சாவியை எப்படிக் கொடுப்பது என்ற குழப்பத்தில் அதை வயிற்றின் மேல் வைத்தார். இரண்டு நிமிஷத்தில் அடங்கியது. சாவியால் என்று அத்தை இன்றும் சொல்கிறார். எழுந்த நாய் கண் தெரியாததுபோல் சுவரில் முட்டியது, தொட்டித் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தது, எங்களையே அடையாளம் தெரியாமல் உறுமியது.

உள்ளூர் கால்நடை மருந்தகத்தின் டாக்டர் சொன்னவை இரண்டு. வாயருகே கையைக் கொண்டுபோகாமல் போனில் படம் பிடியுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தாலோ அது உயிர் போகிற அவசரம். அடுத்தடுத்து வந்தபோது மாத்திரை ஆரம்பித்தார். பீனோபார்பிட்டோன், அறுபது மில்லிகிராம், இரவு எட்டுக்கு ஒன்று, காலை எட்டுக்கு ஒன்று. மருந்துக் கடையில் கார்டினால் என்று கேட்டால் தெரியும். சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. முதல் இரண்டு வாரம் பின்னங்கால் பின்ன, கள் குடித்தவன் மாதிரி நடந்தது. பிறகு சரியாகிவிட்டது. தாகமும் பசியும் மட்டும் சரியாகவே இல்லை.

அன்று இரவு எட்டு மணி மதுரை ஜங்ஷன் பிளாட்பாரத்தில் வந்தது. கைப்பையில் இருந்த தயிர்சாத உருண்டைக்குள் மாத்திரையை அமுக்கி மனைவி கொடுத்தாள். பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இந்த மருந்தைத் திடீரென நிறுத்தினால் அடக்கிவைத்த வலிப்பு மொத்தமாகத் திரும்பும். பெட்டி தொலைந்தால் துணி வாங்கிக்கொள்ளலாம், இரவு பத்து மணிக்கு ஊர் தெரியாத ஊரில் இந்த மாத்திரையை வாங்க முடியாது. இரண்டு வாரத்துக்குக் கூடுதல் மாத்திரை, டாக்டர் சீட்டின் நகல் ஒன்று, எல்லாம் அந்தப் பையில்தான். அந்த உருண்டைதான் அன்றைக்குக் கடைசிச் சாப்பாடு. காலையில் ரத்தம் எடுக்கும்வரை தண்ணீர் மட்டும். சாப்பிட்ட கொழுப்பு ரத்தத்தில் மிதந்தால் சில சோதனைகள் கோணலாகிவிடும்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏற்பாடு செய்ததே அந்த எட்டு மணியை வைத்துத்தான். மருந்து ரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும் நேரம் அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்னால். அந்த நேரத்தில் எடுத்த அளவுதான் பாதுகாப்பு எங்கே முடிகிறது என்று காட்டும் என்பது எங்கள் டாக்டரின் கட்சி. அவ்வளவு கறாராக நேரம் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். இருவருமே ஒத்துக்கொள்வது, ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் போன அளவோடு இந்த அளவை ஒப்பிட முடியும் என்பதை. அதனால் விடியற்காலை எழும்பூரில் இறங்கி, எட்டு மணிக்கு வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஊசிக்கு முன்னால் நிற்க வேண்டும்.

கூபே கிடைத்திருந்தது. நாட்டு நாய் ஏசியைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் சொல்லாமல் கீழ்ப் படுக்கைக்கு அடியில் போய்ச் சுருண்டது. பக்கத்து அறையில் யாரோ சப்பாத்தி குருமா பிரித்தபோது மட்டும் எழுந்து கதவின் இடுக்கில் மூக்கை வைத்து நெடுநேரம் நின்றது. பீனோபார்பிட்டோன் சாப்பிடும் நாயைப் பட்டினி போடுவது லேசான காரியமில்லை.

சிறுநீர் இன்னொரு கதை. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வேண்டுமே. திண்டுக்கல்லில் நிற்கிற நேரம் போதாது. நள்ளிரவு வாக்கில் வந்த திருச்சியில் கொஞ்சம் நேரம் கிடைக்கும் என்று கையில் பழைய பேப்பரும் தண்ணீர் பாட்டிலுமாக இறக்கினேன். பிளாட்பாரத்து நாய் ஒன்று ஸ்டால் அடியிலிருந்து எழுந்து வந்து, கழுத்துப் பட்டையும் அதில் தொங்கிய தகடுமாக நின்ற தன் இனத்தானை ஏற இறங்கப் பார்த்தது. செவலை வேலையை முடித்தது. நான் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவும்வரை போர்வை கொடுக்கும் பையன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சார் மாத்திரை கொடுக்குறீங்க?"

சொன்னேன்.

"கார்டினாலா? எங்க அம்மாவும் அதான் சார் சாப்பிடுது. நான் அஞ்சாவது படிக்கறப்ப ஆரம்பிச்சது."

"ரத்தம் டெஸ்ட் பண்றீங்களா?"

"அதெல்லாம் எதுக்கு சார்? மாத்திரை போட்டா வரதில்ல. பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்குறோம்."

வண்டி நகர்ந்துவிட்டது. மேலே பேச அவனுக்கு விழுப்புரம் வரை ஆட்கள் இருந்தார்கள்.

எனக்கு ரயிலில் தூக்கம் வராது. அந்த மாத்திரையின் வரலாறே தூக்கம் கெட்ட ஒருவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1912இல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி லுமினால் என்ற பெயரில் இதைத் தூக்க மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஃப்ரைபர்க் நகரில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர், வலிப்பு நோயாளிகளின் வார்டுக்கு மேலேயே குடியிருந்தார். இரவில் கீழே நோயாளிகள் விழும் சத்தத்தில் அவரால் தூங்க முடியவில்லை. அவர்களாவது தூங்கட்டும் என்று புதிய மருந்தைக் கொடுத்தார். இரவில் மட்டுமல்லாமல் பகலிலும் வலிப்பு குறைந்ததைக் கவனித்து, அதே ஆண்டில் எழுதி வெளியிட்டார். நூறாண்டுக்கு மேலாகிறது. விலை மலிவு, உலகம் முழுக்கக் கிடைக்கிறது; மனிதருக்குப் புதுப்புது மருந்துகள் வந்தபின்பும் நாய்க்கு முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் இன்றும் இதுதான்.

செங்கல்பட்டு ஏரிமேல் வெளிச்சம் வந்தபோது செவலை எழுந்து மனைவியின் கைப்பையை முகர்ந்தது. எழும்பூரிலிருந்து ஆட்டோவில் புரசைவாக்கம். அக்கா வீட்டு வாசலில் இட்லி வேகும் வாசனை. "பாவம், ஒண்ணே ஒண்ணு குடுக்கட்டா?" என்று அக்கா கேட்க, "ரத்தம் எடுக்கறவரைக்கும் கூடாதுக்கா" என்று மனைவி சொல்ல, அக்கா எங்களைப் பார்த்த பார்வையில் நாங்கள் கொலைகாரர்கள். நெல்லையிலும் ஒரத்தநாட்டிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சோழவந்தானுக்குச் சென்னையைவிட அவை கிட்டத்தில். நாங்கள் வேப்பேரிக்கு வருவதற்குக் காரணம், மருத்துவமனைக்கு ஆட்டோ தூரத்தில் அக்கா இருப்பதுதான்.

வேப்பேரிக் கல்லூரி 1903இல் தொடங்கியது. சிவப்புக் கட்டடமும் வயதான மரங்களுமாக, பெரியமேட்டு நெரிசலுக்கு நடுவில் வேறொரு சென்னை. குதிரையும் மாடும் தெருவை ஆண்ட காலத்தில் கட்டியது. 1989இல் இதை மையமாக வைத்துத்தான் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவானது. கால்நடை மருத்துவத்துக்கென்றே தனியாக நாட்டில் வந்த முதல் பல்கலைக்கழகம். காலையில் அந்த வாசலில் நின்றால் இந்த ஊரில் இத்தனை நாய்களா என்று இருக்கும். கூடையில் பூனை, ஸ்கூட்டர் முன்னால் நிற்கும் பக், கார் டிக்கியிலிருந்து இறங்க மறுக்கும் ராட்வைலர், கயிற்றில் கட்டிய ஆடு ஒன்று, எல்லாரையும் அதட்டிக்கொண்டே வரிசைப்படுத்துகிற ஒருவர்.

முதல் வேலை ரத்தம். பயிற்சி மாணவி முன்னங்காலில் முடி வழித்து ஊசி போட்டாள். குழாயை எடுக்கப் போனவளைப் பெரிய டாக்டர் நிறுத்தினார். "மஞ்சள் மூடி வேண்டாம்மா. சிவப்பு எடு." மஞ்சள் மூடிக் குழாயின் அடியில் ஒரு ஜெல் இருக்கும், ரத்தத்தின் தெளிவைப் பிரிக்க அது வசதி. ஆனால் இந்த மருந்தை அந்த ஜெல் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அளவு உள்ளதைவிடக் குறைவாக வரும், அதை நம்பி மருந்தைக் கூட்டிவிடுவோம். ஒரு மூடியின் நிறத்தில் ஒரு நாயின் கல்லீரல் இருக்கிறது. எட்டே கால் ஆனது. அந்த இடத்திலேயே மாத்திரையைக் கொடுத்தோம், கூடவே அக்கா ரகசியமாகப் பொட்டலம் கட்டித் தந்திருந்த இட்லியையும்.

டாக்டர் கூப்பிடும்வரை பெஞ்சில் இருந்த நேரம்தான் எனக்கு அந்தப் பயணத்தின் சாரம். பக்கத்தில் ராயபுரத்து அம்மா ஒருவர், மடியில் பதின்மூன்று வயது பொமரேனியன். இதய வால்வு தேய்ந்து ரத்தம் பின்வாங்குகிறதாம். பிமோபென்டான், கூடவே நீர் பிரிய லாசிக்ஸ். அவர் கையில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று. தினமும் இரவு நாய் நன்றாகத் தூங்கியதும் போனைப் பார்த்து அரை நிமிஷம் மூச்சை எண்ணி, இரண்டால் பெருக்கி எழுதுகிறார். இருபத்திரண்டு, இருபத்து நாலு, இருபத்திரண்டு. பக்கம் பக்கமாக அதே எண்கள்.

"முப்பதுக்கு மேல போனா நுரையீரல்ல தண்ணி சேருதுன்னு அர்த்தமாம் தம்பி. உடனே கூட்டியாரச் சொல்லியிருக்காங்க."

"இன்னிக்கு என்ன பாக்கப் போறாங்க?"

"கிட்னி. தண்ணி மாத்திரை கிட்னியை வறட்டிடுமாம்ல. பொட்டாசியமும் பாப்பாங்க." இதயத்துக்குக் கொடுக்கும் மருந்துக்குச் சிறுநீரகத்தைச் சோதிக்கும் நியாயத்தை இதைவிடச் சுருக்கமாக நான் கேட்டதில்லை.

எதிரே ஒரு இளைஞர், ஜெர்மன் ஷெப்பர்டுடன். அரிப்புக்கு ஒரு டாக்டர் பத்து நாளைக்கு எழுதிய பிரெட்னிசலோனை, அரிப்பு நின்றதே என்று பழைய சீட்டை வைத்து மாதக்கணக்கில் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நாயின் வயிறு பானைபோல் தொங்குகிறது, முதுகில் முடி இல்லை, தோல் காகிதமாக மெலிந்திருக்கிறது. விஷயம் புரிந்ததும் அன்றைக்கே நிறுத்திவிடுவதாக அவர் சொன்னார். டாக்டர் கதவருகிலிருந்தே கையைக் காட்டித் தடுத்தார். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் கைவிட்டுவிடும். திடீரென நிறுத்தினால் இரண்டும் இல்லாமல் நாய் மயங்கி விழும். வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

கூடைப் பூனைக்குச் சர்க்கரை. இரண்டு வேளை இன்சுலின். நாய்களைப் போலில்லாமல், சில பூனைகளுக்கு நன்றாகக் கட்டுப்படுத்தினால் நோயே பின்வாங்கி, இன்சுலின் தேவைப்படாமலே போய்விடும். அது தெரியாமல் பழைய அளவையே ஏற்றிக்கொண்டிருந்தால் சர்க்கரை இறங்கிப் பூனை செத்துப்போகும். மருந்தைக் கூட்டத்தான் செக்கப் என்று நினைக்கிறோம். குறைக்கவும் நிறுத்தவும் வழி அங்கேதான் தெரிகிறது. எல்லார் கையிலும் இருந்தது வேலை செய்கிற மருந்து. மருந்து வேலை செய்கிற வீட்டில்தான் டாக்டரை மறந்துபோகிறோம். மருந்து அது பாட்டுக்கு உள்ளே வேறு வேலையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"எடை?" என்றார் டாக்டர். இருபத்து மூன்று கிலோ நானூறு. போன தடவை இருபத்தொன்று. மனைவி தலையைக் குனிந்துகொண்டாள், ஏனென்றால் வீட்டில் தட்டு அவள் பொறுப்பு. டாக்டர் ஈறைத் தூக்கிப் பார்த்தார், கண்ணின் வெள்ளையில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தார், வயிற்றை இரண்டு கையாலும் பிசைந்தார், காதுமடலுக்குப் பின்னாலிருந்து ஓர் உண்ணியைப் பிடுங்கிக் காட்டினார்.

"இது எப்ப வந்துச்சு?"

"தெரியல டாக்டர்."

"உண்ணிக் காய்ச்சல் வந்தா டாக்ஸிசைக்ளின் எழுதுவாங்க. வலிப்பு மாத்திரை ஓடுறதைச் சொல்லுங்க. இது கல்லீரலை முடுக்கிவிடும். மத்த மருந்தெல்லாம் சீக்கிரமா கரைஞ்சு போயிடும்."

அந்த முடுக்கலை மாலையில் எண்ணாகவே பார்த்தோம். ரத்தத்தின் மருந்தளவு மனிதர்களுக்கான ஆய்வுக்கூடத்தில்தான் பார்க்கப்பட்டது. அதே மருந்து, அதே கருவி. ஒரு மில்லி லிட்டரில் இருபது மைக்ரோகிராம். முந்தைய அளவு இருபத்தேழு. பதினைந்துக்குக் கீழே போனால் மருந்து பயன் தராமல் போகலாம். முப்பத்தைந்துக்கு மேலே போனால் கல்லீரலுக்கு ஆபத்து கூடும். ஒரு வேளை கூடத் தவறவில்லை, மாத்திரையும் அதே மாத்திரை, ஆனாலும் ஏழு குறைந்திருக்கிறது. மருந்தை உடைக்கும் நொதிகளை அந்த மருந்தே கல்லீரலில் பெருக்கிவிடுகிறது. உடம்பும் இரண்டு கிலோவுக்கு மேல் பெருத்துவிட்டது. வாசலில் படுத்திருக்கும் நாயைப் பார்த்து இதை யாரால் சொல்ல முடியும்?

கல்லீரல் தாளில் ஆல்கலைன் பாஸ்படேஸ் தடித்த எழுத்தில், இருக்க வேண்டியதைப்போல் மூன்று மடங்கு. மனைவிக்கு முகம் வெளுத்தது. டாக்டர் அந்த வரியை விரலால் தாண்டிப் போனார். இந்த மருந்து சாப்பிடும் நாய்களில் அது ஏறத்தான் செய்யும்; அதனால் மட்டும் கல்லீரல் கெட்டதென்று அர்த்தமில்லை. அவர் தேடியது ஆல்புமினை. கல்லீரல் தளர்ந்தால் அது செய்யும் புரதம் குறையும். ஆல்புமின் சரியாக இருந்தது, பிலிருபின், சர்க்கரை, யூரியா எல்லாம் சரியாக இருந்தன, ஸ்கேனிலும் குறையில்லை. இந்த ஒரு தடித்த எழுத்தைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்தியவர்களும், இந்த மருந்தாலேயே குறைந்து காட்டும் தைராய்டு அளவைப் பார்த்துத் தேவையில்லாமல் தைராய்டு மாத்திரை ஆரம்பித்தவர்களும் உண்டாம். தாளைப் படிக்கவும் ஆள் வேண்டும்.

"அப்ப மாத்திரையைக் கூட்டணுமா?" என்று கேட்டேன்.

"வலிப்பு வந்துச்சா?"

"இல்ல."

"பிறகு எதுக்குக் கூட்டணும்? எண்ணுக்கு வைத்தியம் பண்ணக் கூடாது சார். அப்படியே ஓடட்டும். நாளைக்கு வந்துச்சுன்னா, இருபதுலதான் வந்துச்சுன்னு நமக்குத் தெரியும். இடமிருக்கு, கூட்டிக்கலாம். இதே முப்பத்தெட்டுல வந்திருந்தா வேற மருந்து தேடணும்." சீட்டின் கீழே ஆறு மாதம் கழித்து ஒரு தேதி எழுதினார். ரத்தத்தை மதுரையிலேயே எடுத்து அனுப்பலாமா என்று கேட்டதற்கு, எடுக்கலாம், ஆனால் யாராவது ஒரு டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார். உண்ணியை ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்காது.

எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார். அடுத்த தேதிக்குள் இரண்டு கிலோ குறைய வேண்டும். பசிக்கிறதென்று கேட்டால் வேகவைத்த பீன்ஸ், பூசணி கொடுங்கள். சாதத்தை அளந்து போடுங்கள், எண்ணெய், நெய் கூடாது. உப்பு, எலும்புக் குழம்பு, பிஸ்கட் எல்லாவற்றையும் மனைவி ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றாக வேண்டாம் வாங்கிக்கொண்டாள்.

புரசைவாக்கத்தில் இதை அக்காவிடம் ஒப்பித்தோம். அக்கா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். செவலை அவள் காலடியிலேயே உட்கார்ந்திருந்தது.

"சரி, நெய் தடவாம குடுக்குறேன்" என்று இட்லிப் பானையைத் திறந்தாள்.